மஞ்சள் கடுதாசி கொடுப்பவருக்குப் புதுத் திவால் சட்டம் ஏன் கைகொடுக்கவில்லை?

கேள்வி இது: "விசைத்தறி வைத்திருந்த என் அண்ணன் நூல் கடை, கைமாற்று, பைனான்ஸ் எனப் பல பக்கமும் கடனில் மாட்டிக்கொண்டார். 'ஐ.பி. கொடுத்துவிடு' என்கிறார்கள் சிலர். அண்ணிக்கு அதைக் கேட்டாலே அழுகை வருகிறது. 2016-லேயே புதுத் திவால் சட்டம் வந்துவிட்டது என்று படித்தேன். அண்ணன் அதில் போக முடியாதா? அது பெரிய கம்பெனிகளுக்கு மட்டும்தானா?"

முதலில் விடை. உங்கள் அண்ணனுக்குப் பொருந்துவது 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அல்ல. 1920-ல் வெள்ளைக்காரன் காலத்தில் வந்த மாகாண நொடிப்புச் சட்டம்தான். நாடு சுதந்திரம் அடைந்து இத்தனை காலம் ஆன பிறகும் தறிக்காரருக்கு ஒரு சட்டம், கம்பெனிக்கு ஒரு சட்டம் என்று ஏன் இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். கொங்கு நாட்டு நீதிமன்றங்களில் முப்பது வருடமாக இந்த மனுக்களைப் போட்டுக்கொண்டிருப்பவன் நான். இதைப் பற்றிப் பேசும்போது எனக்கு ஆதங்கம் வருவதை மறைக்கப் போவதில்லை.

கடனைத் திருப்ப முடியாதவனை என்ன செய்வது என்ற கேள்வி நம் கரைக்குப் புதிதல்ல. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டியர் ஆட்சியில் இருந்த நம் கடற்கரைக்கு வந்த மார்கோ போலோ ஒரு வழக்கத்தை எழுதி வைத்திருக்கிறார். கடன் கொடுத்தவன் பலமுறை கேட்டும் பணம் வரவில்லை என்றால், கடன் வாங்கியவனைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் போட்டுவிடுவான். பணத்தைக் கொடுக்காமல், அல்லது ஈடு காட்டாமல், அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மரண தண்டனை. ஒரு வெளிநாட்டு வணிகர் தனக்குப் பாக்கி வைத்திருந்த அரசரையே குதிரையோடு சேர்த்து வட்டம் போட்டு நிறுத்தினார் என்றும், பாக்கி தீரும்வரை அரசர் நகரவில்லை என்றும், அதைத் தன் கண்ணால் பார்த்ததாகவும் சொல்கிறார். அரசனும் குடியானவனும் ஒரே வட்டத்துக்குள் நின்றது ஒருபுறம் இருக்கட்டும். பணமே இல்லாதவன் அந்த வட்டத்திலிருந்து எப்படி வெளியே வருவான் என்பதற்கு அதில் வழி இல்லை. திவால் சட்டத்தின் வரலாறு முழுவதுமே அந்த வழியைத் தேடிய வரலாறுதான்.

'திவால்' வடக்கிலிருந்து வந்த சொல். நொடித்துப்போன வியாபாரி பட்டப்பகலில் கடையில் விளக்கேற்றி வைத்து ஊருக்குத் தெரியப்படுத்துவான், அந்த விளக்கிலிருந்து வந்த பெயர் என்றொரு விளக்கம் உண்டு. நம் பக்கத்தில் விளக்குக்குப் பதில் காகிதம். இன்சால்வென்சி பெட்டிஷன் என்பதன் சுருக்கம் ஐ.பி. அதற்கு மஞ்சள் தாள் பழக்கத்தில் இருந்ததால் மஞ்சள் கடுதாசி, மஞ்சள் நோட்டீஸ் என்ற பெயர் நின்றுவிட்டது என்பார்கள். இலங்கைத் தமிழர் 'வங்குரோத்து' என்கிறார்கள். எந்தச் சொல்லை எடுத்தாலும் அதில் அவமானம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. சட்டம் எத்தனையோ முறை மாறியும் இந்த அவமானம் மட்டும் போகவில்லை.

நம்மிடம் இருக்கும் சட்டத்தின் வேர் இங்கிலாந்தில். அங்கே ராணி ஆன் காலத்தில், 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒரு பெரிய மாற்றம் வந்தது. உள்ளதையெல்லாம் ஒளிக்காமல் ஒப்படைக்கும் வியாபாரிக்கு மிச்சக் கடனிலிருந்து விடுதலை தரலாம் என்றார்கள். அதுவரை திவால் சட்டம் கடன் கொடுத்தவரின் ஆயுதமாக மட்டுமே இருந்தது. ஆனால் அந்த விடுதலை வியாபாரிகளுக்கு மட்டும்தான். மற்றவர்களுக்கு இருந்தது கடன் சிறை. அவர்களுக்காக வந்த 'நிவாரணச் சட்டங்கள்' உடம்பைச் சிறையிலிருந்து விடுவித்தன, கடனை விடுவிக்கவில்லை. வெளியே வந்து நாலு காசு சம்பாதித்தால் அதையும் பழைய கடன்காரர் பிடிக்கலாம். இந்த இரட்டைப் பாதை அங்கே 1861 வரை நீடித்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதையில் இது திரும்பத் திரும்ப வரும்.

1828-ல் கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்றுக்கும் ஆங்கிலேய நாடாளுமன்றம் ஒரு நொடிப்புச் சட்டம் போட்டது. 1848-ல் அதற்குப் பதிலாக இன்னொன்று வந்தது. இரண்டும் பட்டணங்களுக்கு மட்டும். ஈரோட்டிலோ தஞ்சாவூரிலோ நொடித்தவருக்குத் தனியாக ஒரு திவால் சட்டம் வர 1907 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு முன்பு சிவில் நடைமுறைச் சட்டத்தில் ஒரு அத்தியாயத்தை வைத்து ஒப்பேற்றினார்கள். இங்கிலாந்தில் வியாபாரி, சாமானியன் என்று இருந்த கோடு இங்கே பட்டணம், மொஃபசல் (பட்டணத்துக்கு வெளியே இருக்கும் ஊர்கள்) என்று மாறியது.

அந்த மாற்றங்கள் நடந்த காலத்தில் சென்னையை ஒரு விபத்து உலுக்கியது. 1906 அக்டோபர் 22, திங்கட்கிழமை, அர்பத்நாட் கம்பெனி பணம் கொடுப்பதை நிறுத்தியது. பெயர் பெற்ற வெள்ளைக்கார வணிக நிறுவனம், வங்கித் தொழிலும் செய்தது. அரசு வேலையில் இருந்தவர்கள், ஓய்வு பெற்றவர்கள், கைம்பெண்கள் என்று சிறுகச் சிறுகச் சேர்த்தவர்களெல்லாம் அங்கேதான் போட்டு வைத்திருந்தார்கள். லண்டனில் இருந்த கூட்டாளி மக்ஃபேடியன் தற்கொலை செய்துகொண்டார். சர் ஜார்ஜ் அர்பத்நாட் நீதிமன்றத்தில் நின்றார். ஒரு வெள்ளைக்காரத் துரைக்கு 18 மாதக் கடுங்காவல் என்று தீர்ப்பான செய்தியை அன்றைய சென்னை எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பணம் போனவர்களுக்காக வாதாடிய வக்கீல் வி. கிருஷ்ணசாமி அய்யர், நமக்கென்று ஒரு வங்கி வேண்டும் என்று முன்னின்றார். 1907 ஆகஸ்ட் 15 அன்று இந்தியன் வங்கி திறந்தது அப்படித்தான்.

பிரசிடென்சி நகரங்களுக்கான, அதாவது கல்கத்தா, பம்பாய், சென்னைக்கான நொடிப்புச் சட்டம் 1909-ல் வந்தது. அர்பத்நாட் வழக்கு மட்டுமே அதற்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன். மாகாணத்தின் மற்ற ஊர்களுக்கு 1907-ல் வந்ததை மாற்றி 1920-ல் மாகாண நொடிப்புச் சட்டம் வந்தது. சென்னை நகரவாசியானால் உயர்நீதிமன்றம், அங்கே அஃபிஷியல் அசைனி. மற்ற ஊர்க்காரரானால் மாவட்ட அல்லது சார்பு நீதிமன்றம், அங்கே அஃபிஷியல் ரிசீவர். நொடித்தவரின் சொத்தைப் பொறுப்பேற்கும் அதிகாரிக்குத்தான் இந்த இரண்டு பெயர்களும். இன்றைக்கும் இதுதான் நிலை.

1920 சட்டத்தைக் கெட்ட சட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். நன்றாக யோசித்து எழுதியிருக்கிறார்கள். நொடித்தவர் என்று நீதிமன்றம் அறிவித்ததும் அவருடைய சொத்து ரிசீவர் கைக்குப் போய்விடும். கடன் கொடுத்தவர்கள் தனித்தனியாக வீட்டுவாசலில் நிற்க முடியாது, வரிசையில் வந்து பங்கு வாங்க வேண்டும். நேர்மையாக நடந்தவருக்குக் கடைசியில் கடனிலிருந்து விடுவிப்பு. ஜப்தி செய்யக் கூடாது என்று சிவில் நடைமுறைச் சட்டம் சொல்லும் பொருள்களும் ரிசீவர் கைக்குப் போகாது. உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைத்தொழில் செய்பவரின் கருவி, விவசாயியின் ஏர்மாடு, விதைநெல். மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகை என்றும் அதில் ஒரு வரி இருக்கிறது. அதாவது தாலி.

நான் ஜூனியராக இருந்தபோது நடந்தது இது. ஜவுளி வியாபாரத்தில் நொடித்த ஒருவருக்காகச் சொத்துப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தோம். சீனியர் கேட்கக் கேட்க அவர் சொல்லிக்கொண்டே வந்தார்: மேசை ஒன்று, கல்லாப்பெட்டி ஒன்று, கஜக்கோல் இரண்டு. பக்கத்தில் நின்ற அவர் மனைவி எதுவும் பேசாமல் கழுத்துக்குப் பின்னால் கையைக் கொண்டுபோனார். சீனியர் பேனாவை வைத்துவிட்டு எழுந்தே விட்டார். "அம்மா, அதைத் தொடாதீங்க. அது கணக்கில் வராது. சட்டமே சொல்லுது" என்றார். அந்த அம்மா தரையில் உட்கார்ந்து அழுதது இன்றும் கண்ணில் நிற்கிறது. சட்டம் தன்னைக் காப்பாற்றக்கூடும் என்று அதுவரை அவரிடம் யாரும் சொன்னதில்லை. உங்கள் அண்ணியிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

கோளாறு எங்கே என்றால், அந்தச் சட்டம் 1920-லேயே உறைந்து நிற்கிறது. 500 ரூபாய் கடன் இருந்தால் மனுப் போடலாம் என்கிறது, இன்னும். விடுவிப்புப் பெறாத ஒருவர் தன் நிலையைச் சொல்லாமல் யாரிடமாவது 50 ரூபாய் கடன் வாங்கினால் 6 மாதம் வரை சிறை, இன்னும். சொத்து மதிப்பு கடனில் ரூபாய்க்கு எட்டணா, அதாவது பாதி, தேறவில்லை என்றால், 'என் கையை மீறி நடந்தது' என்று நிரூபித்தால்தான் முழு விடுவிப்பு. எட்டணாவை ஐம்பது பைசா என்று திருத்தியதைத் தவிர வேறென்ன செய்தோம்? விடுவிப்பு தானாகவும் வராது. நீதிமன்றம் குறித்த கெடுவுக்குள் தனியாக மனுப் போட வேண்டும். போடாவிட்டால் நொடிப்பு அறிவிப்பே ரத்தாகிவிடும், கடன்கள் பழையபடி உயிர்பெறும். ஐ.பி. கொடுத்தவர்களில் பலர் அறிவிப்பு கிடைத்ததுமே எல்லாம் முடிந்தது என்று நினைத்து வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அங்கேதான் விழுகிறார்கள்.

நம் ஊர் துணிச்சலாகச் செய்த ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். உலகப் பொருளாதார மந்தத்தில் விளைபொருள் விலை விழுந்து, வாங்கிய கடன் மட்டும் அப்படியே நின்ற காலம். ராஜாஜி முதல் மந்திரியாக இருந்தபோது, 1938-ல், சென்னை விவசாயிகள் நிவாரணச் சட்டம் வந்தது. 1932 அக்டோபருக்கு முந்தைய கடன்களில் 1937 அக்டோபர் 1 வரை நின்ற வட்டிப் பாக்கியைத் தள்ளுபடி செய்தது. அசலைப் போல இருமடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடன் தீர்ந்தது என்றது. வட்டி அசலைத் தாண்டக் கூடாது என்பது இந்து தர்மசாஸ்திரத்தில் இருந்த பழைய நெறி. விவசாயியை மஞ்சள் கடுதாசிக்கு அனுப்பாமல் கடனின் அளவையே வெட்டியது அந்தச் சட்டம். திவால் சட்டச் சீர்திருத்தம் பற்றி எழுதுகிறவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை, எனக்கு அது வருத்தம்.

கடனுக்காகச் சிறை? அதையும் கேட்பார்கள். பணம் கட்டச் சொல்லித் தீர்ப்பான பிறகு கட்டாதவரை சிவில் சிறையில் வைக்கும் பிரிவு இன்றும் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் 1980-ல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் ஒரு கோடு போட்டார். கையில் இல்லாததால் கட்டாதவனை உள்ளே தள்ளுவது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவுக்கு விரோதம். வசதி இருந்தும் ஏமாற்றுகிறான் என்று காட்டினால்தான் சிறை. 'உள்ளே போட்டுடுவேன்' என்று உங்கள் அண்ணனை மிரட்டும் வசூல்காரரிடம் இந்த வழக்கின் பெயரைச் சொன்னாலே குரல் இறங்கும்.

சுதந்திரத்துக்குப் பிறகு சீர்திருத்தம் என்ற பெயரில் நடந்ததெல்லாம் கம்பெனிகளைச் சுற்றித்தான். 1985-ல் நலிவுற்ற தொழில் நிறுவனங்கள் சட்டம் வந்தது. சொந்த மூலதனம் முழுவதும் கரைந்த நிறுவனம் பி.ஐ.எஃப்.ஆர். என்ற வாரியத்துக்குப் போகலாம். நல்ல எண்ணம்தான். ஆனால் அதன் 22-ஆம் பிரிவு ஒரு கேடயம். வாரியத்தில் விவகாரம் இருக்கும்வரை கடன் கொடுத்தவர் யாரும் கைவைக்க முடியாது. ஆலைக்குப் பூட்டு, இயந்திரத்துக்குத் துரு, தொழிலாளிக்குச் சம்பளம் இல்லை, முதலாளிக்கு மட்டும் கேடயம். ஆண்டுக்கணக்காக இப்படியே ஓடியது. 1993-ல் வங்கிகளுக்குக் கடன் வசூல் தீர்ப்பாயம் கிடைத்தது. 2002-ல் நீதிமன்றம் போகாமலே அடமானச் சொத்தை எடுக்கும் சர்ஃபாசி சட்டம் கிடைத்தது. வசூலுக்கு வழி அகலமாகிக்கொண்டே போனது. நொடித்தவர் எழுந்து நிற்க வழி அகலமாகவில்லை.

அதே 2002-ல் கம்பெனி வழக்குகளுக்கெல்லாம் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் அமைக்கச் சட்டத் திருத்தம் வந்தது. அதை எதிர்த்துச் சென்னை வழக்கறிஞர் சங்கம் வழக்குப் போட்டது. உயர்நீதிமன்றத்தின் வேலையை எடுத்து, நீதித்துறைக்கு வெளியே இருந்து வரும் அதிகாரிகளிடம் கொடுத்தால் நீதித்துறையின் சுதந்திரம் என்னாவது என்பது கேள்வி. உச்ச நீதிமன்றம் 2010-ல் தீர்ப்பாயம் அமைக்கலாம், ஆனால் உறுப்பினர் தகுதியைத் திருத்த வேண்டும் என்றது. 2013 சட்டத்தில் அதே குறை மீண்டும் வர, மீண்டும் வழக்கு, 2015-ல் மீண்டும் தீர்ப்பு. தீர்ப்பாயம் வேலையைத் தொடங்கியது 2016 ஜூன் 1 அன்று. சீர்திருத்தத்தை இழுத்தடித்தார்கள் என்று எங்கள் வக்கீல் கூட்டத்தைக் குறை சொல்வோர் உண்டு. நான் ஒப்புக்கொள்வதில்லை. ஒரு கம்பெனியின் உயிரையும் ஆயிரக்கணக்கானோரின் பிழைப்பையும் தீர்மானிக்கும் இடத்தில் உட்காருகிறவர் யார் என்று கேட்டாக வேண்டும்.

2014-ல் முன்னாள் சட்டச் செயலர் டி.கே. விஸ்வநாதன் தலைமையில் குழு போட்டார்கள். 2015 நவம்பரில் அறிக்கை. 2016 மே 28 அன்று குடியரசுத் தலைவர் கையெழுத்து. அதுதான் நொடிப்பு மற்றும் திவால் சட்டத் தொகுப்பு. கம்பெனிகளைப் பொறுத்தவரை உண்மையிலேயே தலைகீழ் மாற்றம். முன்பெல்லாம் நொடித்த கம்பெனியின் சாவி முதலாளியிடமே இருந்தது. இப்போது விண்ணப்பம் ஏற்கப்பட்ட அன்றே நிர்வாகம் தீர்வு வல்லுநர் ஒருவர் கைக்குப் போகும், கடன் கொடுத்தவர்களின் குழு முடிவெடுக்கும். 180 நாள், தேவைப்பட்டால் இன்னும் 90. பிறகு 2019-ல் வழக்குகளில் போகும் காலத்தையும் சேர்த்து 330 நாள் என்றார்கள். நடைமுறையில் அதையும் தாண்டுகிறது. விற்றுத் தீர்க்கும் நிலை வந்தால் 53-ஆம் பிரிவு வரிசை சொல்கிறது: நடைமுறைச் செலவுக்கு அடுத்து, தொழிலாளியின் 24 மாதச் சம்பளப் பாக்கியும் அடமானம் பெற்ற வங்கியின் கடனும் சம வரிசையில். அரசுக்கு வர வேண்டியது அதற்கும் கீழே. 1920 சட்டத்தில் அரசு பாக்கி முதல் வரிசையில் இருந்தது, கூலி சம்பளத்துக்கோ மொத்தம் 20 ரூபாய் வரைதான் முன்னுரிமை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எத்தனை தூரம் வந்திருக்கிறோம் என்பது தெரியும்.

எஸ்ஸார் ஸ்டீல், பூஷண் ஸ்டீல் போன்ற பெரிய கம்பெனிகள் இந்த வழியில்தான் கைமாறின. கம்பெனியைக் கெடுத்த முதலாளியே குறைந்த விலைக்குத் திரும்ப வாங்கிவிடக் கூடாது என்று 2017-ல் 29ஏ பிரிவைச் சேர்த்தார்கள். அது மிகச் சரியான திருத்தம். 2018-ல் வீடு வாங்கப் பணம் கட்டி ஏமாந்தவர்களையும், வங்கிகளைப் போலவே, நிதிக் கடன் கொடுத்தவர்களாக ஏற்றார்கள். கொரோனா நேரத்தில் கம்பெனி மீது மனுப் போடுவதற்கான குறைந்தபட்சக் கடனை 1 லட்சத்திலிருந்து 1 கோடியாக உயர்த்தினார்கள்.

இப்போது உங்கள் அண்ணன். அதே 2016 சட்டத்தின் மூன்றாம் பாகம் தனிநபர்களுக்கானது. 'புதுத் தொடக்கம்' என்றே ஒரு அத்தியாயம் வைத்திருக்கிறார்கள். ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்குள், சொத்து 20,000-க்குள், கடன் 35,000-க்குள், சொந்த வீடு கிடையாது என்றால் கடனிலிருந்து விடுதலைக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு மேல் இருப்பவர்களுக்குத் திருப்பிக் கட்டும் திட்டம் போட வழி உண்டு. அதுவும் நடக்காமல் திவால் அறிவிப்பு வந்தால் ஓராண்டில் விடுவிப்பு. இதற்கெல்லாம் கடன் வசூல் தீர்ப்பாயம். அச்சில் இருக்கிறது. ஆனால் அமலுக்குக் கொண்டுவரும் அறிவிக்கை சாமானியருக்கு இன்னும் வரவில்லை. 2019 டிசம்பர் 1 முதல் ஒரே ஒரு வகையினருக்கு மட்டும் அமலுக்கு வந்தது: கம்பெனிகள் வாங்கிய கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட தனிநபர்கள். அதாவது வங்கிகள் துரத்த விரும்பியவர்கள். 1909, 1920 சட்டங்களை ரத்து செய்யும் 243-ஆம் பிரிவும் உறக்கத்தில்தான்.

இங்கிலாந்தில் வியாபாரிக்கு விடுதலை, சாமானியனுக்கு வெறும் நிவாரணம். பிறகு இங்கே பட்டணத்துக்கு ஒன்று, மொஃபசலுக்கு ஒன்று. இப்போது கம்பெனிக்கு ஒன்று, தறிக்காரருக்கு ஒன்று. அந்த 60,000, 35,000 வரம்புகள் எழுதிய நாளிலேயே குறைவு. மைக்ரோ பைனான்ஸ் குழுக் கடன் ஒன்றே இன்று 35,000-ஐத் தாண்டும். வரம்பைத் திருத்தி, அத்தியாயத்தை அமலுக்குக் கொண்டுவர வேண்டும். இதை எங்கள் சங்கக் கூட்டங்களில் பேசிப் பேசித் தொண்டை வறண்டிருக்கிறது, இன்னமும் பேசுவேன்.

அதுவரை அண்ணனுக்கு இருப்பது சார்பு நீதிமன்றம்தான். போகும் முன் சில விஷயங்கள். தறியோ வீடோ வங்கியில் அடமானம் இருந்தால் ஐ.பி. அதைத் தடுக்காது, அடமானம் பெற்றவர் உரிமை அப்படியே நிற்கும். அண்ணனுக்காக நீங்கள் ஜாமீன் போட்டிருந்தால் அவர் விடுவிக்கப்பட்டாலும் நீங்கள் விடுபட மாட்டீர்கள். அரசுக்குக் கட்ட வேண்டியதும் தீராது. கடைசி 2 ஆண்டுக்குள் அண்ணி பேருக்கோ பிள்ளைகள் பேருக்கோ சொத்தை மாற்றி எழுதியிருந்தால் வக்கீலிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், ரிசீவர் அதைத்தான் முதலில் தோண்டுவார். கடைசி 3 மாதத்தில் ஒரு கடன்காரருக்கு மட்டும் சலுகையாகக் கட்டியிருந்தால் அதுவும் கேள்விக்கு வரும். நூல் கடைக்காரர் முதல் மளிகைக்கடைப் பாக்கி வரை, கைமாற்றாகக் கொடுத்த சொந்தக்காரர் வரை, ஒருவர் விடாமல் பட்டியலில் எழுதுங்கள். தறிக் கணக்கு நோட்டு, நூல் பில், பேங்க் பாஸ்புக் எது இருந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கே வைக்கவில்லை என்பது விடுவிப்பை மறுக்க ஒரு காரணம். அறிவிப்பு உத்தரவு கையில் வந்ததும் அதில் விடுவிப்புக்குக் குறித்திருக்கும் கெடுவைப் பார்த்து, வீட்டு நாள்காட்டியில் வட்டம் போட்டு வையுங்கள்.